வினவல் அமைப்பு மொழியின் அடிப்படைக் கட்டளை வகைகள்: பதிப்பு அட்டவணை ஒன்றை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தரவுத்தளங்களைக் கையாளப் பயன்படும் எஸ்.கியூ.எல். எனப்படும் வினவல் அமைப்பு மொழியின் கட்டளைகள் ஐந்து வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. தொடக்கநிலைக் கற்போர் இவ்வகைப்பாட்டைப் பெயர்ப்பட்டியலாக மனப்பாடம் செய்வதே பெருவழக்கு. ஒரு கட்டளை தரவுத்தளத்தின் எப்பகுதியைத் தொடுகிறது, அதனால் நேரும் பிழையை மீட்க இயலுமா என்னும் இரு வினாக்களுக்கும் இவ்வகைப்பாடு விடை தருகிறது என்பதை இக்கட்டுரை ஒரு நூற்பதிப்பு அட்டவணையின் வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், வினவல் அமைப்பு மொழி, கட்டளை வகைகள், பரிவர்த்தனை, பதிப்பு அட்டவணை

முன்னுரை

தரவுகளை அட்டவணைகளாகப் பகுத்து, அவற்றுக்கிடையேயான உறவுகளின் அடிப்படையில் கையாளலாம் என்னும் கோட்பாட்டை எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். அவர் பணியாற்றிய ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகியோர் அக்கோட்பாட்டுக்கு ஏற்ற மொழியொன்றை 1974இல் 'சீக்வெல்' என்னும் பெயரில் அறிமுகப்படுத்தினர். அப்பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்தமையால், பின்னர் எஸ்.கியூ.எல். எனச் சுருக்கப்பட்டது. அமெரிக்கத் தர நிறுவனம் 1986இலும், பன்னாட்டுத் தர அமைப்பு 1987இலும் இதனைத் தரப்படுத்தின.

இம்மொழியின் கட்டளைச் சொற்கள் உரோமன் எழுத்திலேயே தட்டச்சிடப்படும். இக்கட்டுரையில் அவை ஒலிபெயர்ப்பாகத் தரப்படுகின்றன. விளக்கத்திற்காக எண், தலைப்பு, பதிப்பாசிரியர், ஆண்டு என்னும் நான்கு நெடுவரிசைகளைக் கொண்ட 'பதிப்புகள்' என்னும் அட்டவணை எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதன் ஆறு கிடைவரிசைகள் வருமாறு:

1 – கலித்தொகை – சி. வை. தாமோதரம்பிள்ளை – 1887
2 – சீவக சிந்தாமணி – உ. வே. சாமிநாதையர் – 1887
3 – பத்துப்பாட்டு – உ. வே. சாமிநாதையர் – 1889
4 – சிலப்பதிகாரம் – உ. வே. சாமிநாதையர் – 1892
5 – புறநானூறு – உ. வே. சாமிநாதையர் – 1894
6 – மணிமேகலை – உ. வே. சாமிநாதையர் – 1898

1. தரவு வரையறைக் கட்டளைகள்

இவை அட்டவணையின் கட்டமைப்பைத் தொடுவன. 'கிரியேட்' புதிய அட்டவணையை உருவாக்கும். 'ஆல்டர்' இருக்கும் அட்டவணையில் மாற்றம் செய்யும். 'பதிப்பிடம்' என்னும் புதிய நெடுவரிசையைச் சேர்க்க இதுவே பயன்படும். 'டிரன்கேட்' அட்டவணையை வைத்துக்கொண்டு உள்ளடக்கம் முழுவதையும் நீக்கும். 'டிராப்' அட்டவணையையே இல்லாமற் செய்யும்.

கட்டமைப்பை வரையறுக்கையில் ஒவ்வொரு நெடுவரிசையின் தரவு வகையையும் நீளத்தையும் குறிப்பிட வேண்டும். தமிழ்த் தரவில் இங்குக் கூடுதல் கவனம் தேவை. 'சிலப்பதிகாரம்' என்பது தமிழ்க் கணக்கில் எட்டு எழுத்து. ஒருங்குறியிலோ உயிர்மெய்யின் துணைக்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், அது 13 குறிகளாகிறது. யூ.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வீதம் 39 பைட் இடம் கொள்கிறது. எனவே 'எட்டெழுத்துக்குப் பத்து போதும்' என்று தலைப்பின் நீளத்தை 10 என வரையறுத்தால், அச்சொல் அந்நெடுவரிசையில் அடங்காது.

2. தரவு கையாளுதல் கட்டளைகள்

இவை கட்டமைப்பைத் தொடாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுவன. 'இன்சர்ட்' புதிய கிடைவரிசையைச் சேர்க்கும், 'அப்டேட்' இருப்பதைத் திருத்தும், 'டெலீட்' நீக்கும். பின்னிரண்டும் எந்தெந்தக் கிடைவரிசைகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதை 'வேர்' என்னும் நிபந்தனைத் தொடர் வரையறுக்கிறது.

மணிமேகலையின் ஆண்டு 1898 என்பதற்குப் பதிலாக 1889 எனத் தவறாக உள்ளிடப்பட்டது எனக் கொள்ளலாம். அதனைத் திருத்தும் கட்டளை:

அப்டேட் பதிப்புகள் செட் ஆண்டு = 1898 வேர் தலைப்பு = 'மணிமேகலை';

இதில் 'வேர்' தொடங்கி வரும் பகுதி விடுபட்டாலும் கட்டளை இலக்கணப் பிழையற்றதே. கணினி எவ்விதப் பிழைச் செய்தியும் காட்டாது, ஆறு கிடைவரிசைகளிலும் 1898 என எழுதிவிடும். கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் ஒரே ஆண்டில் அச்சேறின என்பதும், பதினோராண்டுக் காலப் பதிப்பு வரிசையும் ஒரு நொடியில் அழிந்துபோகும். அட்டவணை நிறைவாகவே தோன்றுவதால், பின்னர் அதனைப் பயன்படுத்தும் ஆய்வாளர் ஐயுறவும் வாய்ப்பில்லை. மொழி தன் இலக்கணத்தை மட்டுமே சரிபார்க்கும். பொருளைச் சரிபார்க்கும் பொறுப்பு கட்டளையிடுவோருடையது.

3. தரவு வினவல் கட்டளை

'செலக்ட்' தரவை எடுத்துக்காட்டும், எதனையும் மாற்றாது.

செலக்ட் தலைப்பு ஃப்ரம் பதிப்புகள் வேர் ஆண்டு = 1887;

இவ்வினவலுக்குக் கலித்தொகை, சீவக சிந்தாமணி ஆகிய இரண்டும் விடையாக வரும். சில பாடநூல்கள் இதனைக் கையாளுதல் வகையிலேயே அடக்குகின்றன. எனினும், தரவை மாற்றாத பண்பு கருதித் தனிவகையாகக் கொள்வது தொடக்கநிலையினர்க்குத் தெளிவு தரும். திருத்தவோ நீக்கவோ முனைவதற்கு முன், அதே நிபந்தனையைச் 'செலக்ட்' கட்டளையில் இட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். மேற்கண்ட திருத்தத்திற்கு முன் இவ்வாறு செய்தால், ஒரு கிடைவரிசை வரவேண்டிய இடத்தில் ஆறும் வருவது உடனே புலப்படும்.

4. தரவுக் கட்டுப்பாட்டுக் கட்டளைகள்

'கிராண்ட்' ஒரு பயனருக்கு உரிமை வழங்கும். 'ரிவோக்' அதனைத் திரும்பப் பெறும். அட்டவணையைப் படிக்க மட்டும் வேண்டிய பயனருக்குச் 'செலக்ட்' உரிமையை மட்டும் வழங்கினால், அவரால் தவறியும் தரவை அழிக்க இயலாது.

5. பரிவர்த்தனைக் கட்டுப்பாட்டுக் கட்டளைகள்

பல மாற்றங்களை ஒரே செயலாகக் கருதுவது பரிவர்த்தனை. 'கமிட்' அம்மாற்றங்களை நிலைப்படுத்தும். 'ரோல்பேக்' அவற்றை விலக்கி முன்னிலைக்குக் கொண்டுசெல்லும். 'சேவ்பாயிண்ட்' இடையில் திரும்புவதற்கான நிலையைக் குறித்துவைக்கும். நிபந்தனையின்றி இட்ட 'அப்டேட்' ஒரு பரிவர்த்தனைக்குள் நிகழ்ந்திருந்தால், 'கமிட்' செய்யப்படும் வரை அதனை மீட்கலாம். ஆனால், மைஎஸ்கியூஎல் போன்ற மென்பொருள்களின் இயல்பமைப்பில் ஒவ்வொரு கட்டளையும் தானாகவே நிலைப்படுத்தப்படுகிறது. எனவே பரிவர்த்தனையை வெளிப்படையாகத் தொடங்கிய பின்னரே திருத்தத்தை மேற்கொள்ள வேண்டும்.

வகைப்பாட்டின் பயன்

'டெலீட்', 'டிரன்கேட்', 'டிராப்' மூன்றும் நீக்குவனவே. ஆயினும் ஒரே வகையின அல்ல. 'டெலீட்' கையாளுதல் கட்டளை, பரிவர்த்தனைக்குள் மீட்கத்தக்கது. மற்ற இரண்டும் வரையறை வகையின. ஆரக்கிள், மைஎஸ்கியூஎல் ஆகியவற்றில் வரையறைக் கட்டளை நிறைவேறும்போது பரிவர்த்தனை தானே நிலைப்பட்டுவிடும். அதன்பின் 'ரோல்பேக்' பயனளிக்காது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இம்மூன்றையும் பரிவர்த்தனைக்குள் இட்டு மீட்க முடியும். ஆகவே வகையை அறிவதோடு, பயன்படுத்தும் மென்பொருளின் நடைமுறையையும் அறிதல் வேண்டும்.

முடிவுரை

கட்டமைப்பு, உள்ளடக்கம், வினவல், உரிமை, பரிவர்த்தனை என ஐவகைக் கட்டளைகளும் தரவுத்தளத்தின் வெவ்வேறு கூறுகளைச் சார்ந்தவை. ஒரு கட்டளையை இடுமுன் அது எக்கூறைத் தொடுகிறது, எத்தனை கிடைவரிசைகளைப் பாதிக்கும், மீட்க வழியுண்டா என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இவ்வகைப்பாடு கற்போருக்குத் தருகிறது. தமிழ் நூல்கள், சுவடிகள், பதிப்புகள் ஆகியன குறித்த தகவல்கள் தரவுத்தளங்களில் சேமிக்கப்படும் இக்காலத்தில், அப்பழக்கம் கணினி மாணவர்க்கு மட்டுமன்றித் தமிழாய்வாளர்க்கும் தேவையான ஒன்றாகும்.