மலை ஏறும் முன் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள்

காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே திருச்சிக்காரர்களுக்கு நினைவிருக்காது. ஸ்ரீரங்கத்து மார்கழிக் காலையிலும் அதற்கு வேலையில்லை. கடல் மட்டத்துக்கு மேல் 100 மீட்டர்கூட இல்லாத ஊரிலிருந்து, 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலுக்கு வத்தலகுண்டு வழியாக ஏறும்போதுதான் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புவோம். அப்போது குளிர்காற்று வந்தால் என்ன கோளாறு?

பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது. என்ஜினில் சூடேறிய கூலன்டில் ஒரு பகுதி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குப் போகிறது. புளோயர் அதன் வழியே காற்றைத் தள்ளுகிறது. காற்றே வரவில்லையென்றால் ஃபியூஸையும் புளோயரையும் பாருங்கள். காற்று வந்தும் சூடு இல்லையென்றால், வரிசையாக இப்படிப் பாருங்கள்.

1. கூலன்ட் அளவு: என்ஜின் நன்றாக ஆறிய பிறகே பார்க்க வேண்டும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அளவு குறைந்தால் குழாய்க்குள் காற்று அடைத்துக்கொள்ளும்.

2. வெப்பமானி முள்: கால் மணி நேரம் ஓட்டியும் முள் ஏறவில்லையென்றால் தெர்மோஸ்டாட் வால்வில் சந்தேகம். சுமார் 80 முதல் 90 டிகிரியில் திறக்க வேண்டிய வால்வு அது. எப்போதும் திறந்தே கிடந்தால் என்ஜின் சூடேறாது. வெயிலுக்குப் பயந்து இதைக் கழற்றிவிடும் வழக்கமும் உண்டு. அதனால் மைலேஜும் குறையும்.

3. ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்கள்: என்ஜின் சூடேறியதும் அணைத்துவிட்டு, துணி வைத்து லேசாகத் தொடுங்கள். இரண்டும் சூடு என்றால் உள்ளே காற்றைத் திருப்பும் தகடோ அதன் கேபிளோ சிக்கியிருக்கும். ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் உள்ளே அடைப்பு. கூலன்டுக்குப் பதில் உப்புப் போர் தண்ணீரை ஊற்றிவந்தால் இப்படி ஆகும்.

4. காருக்குள் இனிப்பு வாடை, கால்மிதியடியில் ஈரம், கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம்: சின்ன ரேடியேட்டர் ஒழுகுகிறது.

மலைப்பாதையில் ஹீட்டர் திடீரென்று குளிர்ந்து, முள்ளும் சிவப்புக்கு ஏறினால் கூலன்ட் தீர்ந்திருக்கலாம். உடனே ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். கூலன்ட் இருந்தும் ஏற்றத்தில் முள் ஏறத் தொடங்கினால், ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியேற்றும்.

வெயில் ஊர் வண்டிக்கும் ஹீட்டர் அவசியம் என்பது இதனால்தான். மலைக்குக் கிளம்பும் முன், வீட்டு வாசலிலேயே பத்து நிமிடம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.