சுறுசுறுப்பு வேறு, சூட்டிகை வேறு

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஐந்தாவது படிக்கும் மகனின் பள்ளி அறிக்கையைக் காட்டினாள். ஆசிரியர் குறிப்பு ஒரே வரி: 'மந்தமான மாணவன்.' அக்கா முகமே வாடிப் போயிருந்தது.

அதே பையன் அன்று மாலை ஆடுபுலி ஆட்டத்தில் என்னை மூன்று முறை மடக்கினான். ஒவ்வொரு காயை நகர்த்தவும் அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு காபி குடித்துவிடலாம் என்பது வேறு விஷயம்!

'மந்தம்' என்ற சொல்லில்தான் சிக்கல். வயிறு மந்தம், காது மந்தம், வியாபாரம் மந்தம், புத்தி மந்தம் என்று எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுவிடுகிறோம். ஆசிரியர் சொன்னது கையையா, மூளையையா? அதைப் பிரித்துச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் உடம்பு சம்பந்தப்பட்டவை. வேகமும் விரைவும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றில்லை. 'காற்று வேகமாக அடித்தது' என்போம். 'விரைவாக அடித்தது' என்பதில்லை. வேகத்தில் விசையும் சேர்ந்திருக்கிறது. விரைவில் இருப்பது நேரக் கணக்கு மட்டும். அதனால்தான் 'விரைவில் வெளியாகும்' என்று விளம்பரம் போடுகிறார்கள். அங்கே 'வேகத்தில்' என்று போட முடியாது.

பேச்சில் 'சீக்கிரம்' வரும். 'சீக்கிரம் எழுந்தான்' என்றால் விடிகாலையில் எழுந்தான். 'வேகமா எழுந்தான்' என்றால் துள்ளி எழுந்தான். இதே அவசரத்துக்குத் தென்மாவட்டங்களில் 'வெரசா வா' என்பார்கள். ஈழத்தில் 'கெதியா வா'. 'அவசரம்' வடமொழியில் தருணம், வாய்ப்பு என்ற பொருள் கொண்ட சொல். தமிழுக்கு வந்து பதற்றத்தையும் சேர்த்துக்கொண்டது. 'அவசர அவசரமா சமைச்சேன்' என்றாலே உப்பு கூடக் குறைய இருக்கும் என்று அர்த்தம்.

சுறுசுறுப்பு வேகத்தைக் குறிப்பதில்லை. அதன் எதிர்ச்சொல் சோம்பல், மெதுவு அல்ல. நிதானமாக, ஆனால் ஓயாமல் வேலை செய்கிற பாட்டியைச் 'சுறுசுறுப்பு' என்று தாராளமாகச் சொல்லலாம். 'துறுதுறு' குழந்தைகளுக்கு உரியது: கண்ணும் கையும் சும்மா இருக்காது. அலுவலகப் பரிந்துரைக் கடிதத்தில் 'துறுதுறுப்பானவர்' என்று எழுதினால் சிரிப்பார்கள். அங்கே 'துடிப்பானவர்' பொருந்தும்.

இனி மனசுக்கு வருவோம். 'சூட்டிகை' என்றால் சொன்னதும் பிடித்துக்கொள்வது. பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது. 'சமயோசிதம்' என்பது அந்த நேரத்துக்கு ஏற்றதைச் சட்டென்று செய்வது. 'சாமர்த்தியம்' காரியம் சாதிப்பது. குரலைக் கொஞ்சம் இழுத்து 'ரொம்ப சாமர்த்தியம்தான்' என்றால் அது குத்தல். 'கூர்மை'யில் கடிகாரமே கிடையாது. இரண்டு நாள் யோசித்துப் பதில் சொல்பவரும் கூர்மையானவராக இருக்கலாம். 'கெட்டிக்கார'னிலும் வேகம் இல்லை. அதில் இருப்பது கெட்டி, அதாவது உறுதி.

தொல்காப்பியம் உரியியலில் 'கடி' என்ற சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்லப்படுகிறது. அதில் கூர்மையும் உண்டு, விரைவும் உண்டு. இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருந்தாலும் தனித்தனியாகவே எண்ணப்பட்டிருக்கின்றன. நாம்தான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

நம் ஊர்ப் பழைய வகைப்பாடு ஒன்று உண்டு: கற்பூர புத்தி, கரி புத்தி, வாழைமட்டை புத்தி. கற்பூரம் உடனே பற்றும், கரி ஊத ஊதப் பற்றும், வாழைமட்டை பற்றவே பற்றாது. கற்பூரத்தைத்தான் எல்லாரும் கொண்டாடுவார்கள். ஆனால் அது எரிந்த கையோடு காணாமல் போய்விடும். கரி பற்றத்தான் நேரமாகும். பற்றிவிட்டால் நின்று எரியும். இஸ்திரிப் பெட்டிக்குள் யாரும் கற்பூரம் போடுவதில்லையே!

அக்காவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: 'புரியுறதுல மெதுவா, எழுதுறதுல மெதுவான்னு டீச்சர்கிட்ட கேளு.' கேட்டிருக்கிறாள். 'கேட்டா பதில் சரியா சொல்றான், எழுதித்தான் முடிக்க மாட்டேங்கிறான்' என்றாராம். அப்படியென்றால் தேவை எழுத்துப் பயிற்சியும் கொஞ்சம் கூடுதல் நேரமும். 'மந்தம்' என்ற ஒற்றைச் சொல்லில் அது தெரியவே இல்லை.

அடுத்த முறை ஒரு பிள்ளையைப் பற்றி எழுதும்போதோ பேசும்போதோ, கை, கால், நாக்கு, மூளை இதில் எது வேகம், எது மெது என்று ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு நொடியில் மட்டும் அவசரம் வேண்டாம்.