பெயரில்லாத ஒழுங்கைகள்

கண்டியிலிருந்து பேராதனைக்கு இறங்கும் இரண்டு பெரிய வீதிகளும் நாட்டின் முதற்குடியரசைத் தம் பெயரில் சுமக்கின்றன. ஒன்று சிறிமாவோ பண்டாரநாயக்க மாவத்தை. 1972இல் இலங்கை குடியரசானபோது பிரதமராக இருந்தவர் அவர். மற்றது வில்லியம் கோபல்லாவ மாவத்தை. அதே ஆண்டில் முதலாவது ஜனாதிபதியானவர் கோபல்லாவ. அந்தப் பதவிக்கு வெகுகாலம் முன்பே அவர் கண்டியின் மாநகர ஆணையாளராக இருந்தவர். இந்நகரின் வீதிகளையும் வடிகால்களையும் நிர்வகித்த ஒருவரின் பெயரை வீதிக்கு வைத்தது பொருத்தம்தான்.

ஆனால், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு வழி கேட்டுப் பாருங்கள். “பேராதனை ரோட்டுல நேரா போங்க” என்றுதான் பதில் வரும். சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமர். அவர்மீது யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. போகும் ஊரின் பெயரே வீதிக்கும் இருந்தால் வழி சொல்வது சுலபம், அவ்வளவுதான். நகருக்குள்ளும் இதே கதைதான். ட்ரின்கோமலி ஸ்ட்ரீட் டி.எஸ். சேனாநாயக்க வீதியாயிற்று. கொழும்பு வீதி, மாநகர முதல்வராக இருந்த சேர் பெனட் சொய்சாவின் பெயரைப் பெற்றது. வியாபாரிகளின் வாயில் அது இன்னும் கொழும்பு வீதிதான். மாறாக, ஆளுநர் ஹென்றி வார்டின் பெயரிலிருந்த வார்ட் ஸ்ட்ரீட் தலதா வீதியாக மாறியபோது அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீதி போய்ச் சேரும் இடம் தலதா மாளிகை. பெயர் ஏற்கெனவே அங்கே இருந்தது, பலகை மட்டுமே பிந்தி வந்தது என்று சொல்லலாம்.

கண்டியை ஆண்ட நாயக்க மன்னர்களின் உறவினர் குடியிருந்த வீதியை ஆங்கிலேயர் மலபார் ஸ்ட்ரீட் ஆக்கினார்கள். தமிழர் எல்லோரும் அவர்களுக்கு மலபாரிகள். அங்கே வாழ்ந்தவர்கள் தம்மை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள் என்று கேட்டு வைத்த பெயரல்ல அது. வீதிகளுக்குப் பெயர் வைப்பதில் எனக்குள்ள மனக்குறையே இதுதான்: அங்கே வசிப்பவரிடம் கேட்காமல் முடிவாகிவிடுகிறது.

முறை என்னவோ ஒழுங்காகத்தான் இருக்கிறது. கண்டி மாநகர சபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிறந்தது. இன்று 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி இயங்குகிறது. வீதிக்குப் பெயர் வேண்டுமென்று ஊர்ச் சங்கமோ வட்டார உறுப்பினரோ எழுதிக் கொடுப்பார்கள். அது குழுவில் பேசப்பட்டு, சபையில் பிரேரணையாக வந்து, தீர்மானமாக நிறைவேறும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு உள்ளூராட்சி மாகாணத்தின் பொறுப்பு. ஆகவே கோவை மாகாண நிர்வாகத்தின் மேசைக்கும் போகவேண்டி வரும். எல்லா வீதிகளும் சபையின் கையிலும் இல்லை. கொழும்பு–கண்டி ஏ1 நெடுஞ்சாலையும், பேராதனையில் தொடங்கிப் பதுளை வழியாகச் செங்கலடிவரை ஓடும் ஏ5 வீதியும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அடுத்த தரத்து வீதிகள் மாகாணத்துக்குரியவை. மிஞ்சிய சிறு வீதிகளும் ஒழுங்கைகளுமே சபையின் சொந்தப் பொறுப்பு.

அந்த ஒழுங்கைகளைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பேராதனைப் பக்கத்துக் குன்றுச் சரிவுகளில் பழைய காணிகள் துண்டு துண்டாகி, ஒரு வீட்டு இலக்கத்துக்குள் ஒரு குடியிருப்பே முளைத்திருக்கும். இலக்கம் 200 முதலில் 200/1, 200/2 ஆகும். பிறகு 200/12ஏ வரும். அதற்குள்ளும் இன்னொரு சாய்கோடு விழும். படிக்கட்டில் ஏறினால் 12க்குப் பக்கத்தில் 31 நிற்கும், 13 பள்ளத்தில் கிடக்கும். வீடு கட்டப்பட்ட வரிசையில் இலக்கம் கொடுத்தார்களே தவிர, நிலத்தின் வரிசையில் கொடுக்கவில்லை. பழைய தபாற்காரர் இருக்கும்வரை சமாளிக்கலாம். அவர் மாற்றலாகிப் போனால் கடிதம் சந்திக் கடையில் தங்கும். நள்ளிரவில் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்பவர், “பெரிய பலா மரத்துக்கு எதிர்ப்பக்கம் இறங்கும் பாதை” என்று விளக்கிக்கொண்டிருப்பார். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கண்டி மாவட்டத்தை மண்சரிவாலும் வெள்ளத்தாலும் உலுக்கியது. அப்படியான இரவில் இருக்கும் இடத்தை ஒரே சொல்லில் சொல்ல முடிவது உயிரோடு சம்பந்தப்பட்ட காரியம்.

இதே பேராதனையில் நல்ல முன்மாதிரி ஒன்றும் உண்டு. 1952இல் இங்கே வந்த பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிகளின் பெயர்களைப் பாருங்கள்: அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, ஜேம்ஸ் பீரிஸ், மார்க்கஸ் பெர்னாண்டோ, அக்பர், நெல், மார்ஸ், ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா. தமிழர், சிங்களவர், முஸ்லிம், பறங்கியர், ஆங்கிலேயர் எல்லோரும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று பாடுபட்டவர்கள். 1906இல் அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் பொன்னம்பலம் அருணாசலம். இடத்துக்கும் பெயருக்கும் உறவு இருந்ததால், “நான் அருணாசலத்துல இருக்கேன்” என்று பிள்ளைகள் இயல்பாகச் சொல்கிறார்கள்.

வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் கலஹா வீதியில் மேலே ஏறினால் தேயிலை நாடு. அங்கே பெயரில்லாமை வேறு வகையானது. தலைமுறை தலைமுறையாக லயன்களில் வாழ்ந்தவர்களுக்கு முகவரி என்பது தோட்டத்தின் பெயரும் பிரிவும்தான். கடிதம் தோட்ட அலுவலகம் வழியாக வரும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களுக்குள் சபைகள் வேலை செய்வதற்குத் தடையாக இருந்தது; 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்குப் போட்டார்கள், ஆனால் அந்தச் சபையால் அவர்களின் பாதைக்கு ஒரு பலகை நட முடியவில்லை. வேலைக்கும் வங்கிக்கும் விண்ணப்பம் நிரப்பும் பிள்ளை ‘முகவரி’ என்ற கட்டத்தில் தயங்கி நிற்பது நியாயமில்லை.

இருக்கிற பெயரை மாற்றுவது வேறு வகையான வேலை. தமிழ்நாட்டில் 2025 அக்டோபரில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க அரசாணை வந்தது. பாரிஸ் நகரில் ஒருவர் இறந்து ஐந்து ஆண்டு கழியாமல் வீதிக்கு அவர் பெயரை வைக்காதது நெடுநாள் வழக்கம். அவசரப்பட்டு வைத்த பெயரை அகற்றுவது கடினம். காணி உறுதி, அடையாள அட்டை, சோலைவரிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் அது தொடும். ஆகவே, இருக்கிற பெயரை மாற்றும் பிரேரணைகளைச் சபைகள் கொஞ்சக் காலம் ஒதுக்கி வைக்கட்டும். பெயரே இல்லாத ஒழுங்கைகளின் பட்டியலை முதலில் எடுக்கட்டும்.

2025 மே 6ஆம் திகதித் தேர்தலோடு உள்ளூராட்சி சபைகளுக்கு மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் வந்துவிட்டார்கள். ஒழுங்கை மக்கள் கூடிப் பேசி இரண்டு மூன்று பெயர்களை எழுதலாம்: பழைய காணியின் பெயர், ஓடையின் பெயர், அங்கே படிப்பித்த ஆசிரியை ஒருவரின் பெயர். எல்லா வீட்டாரும் கையெழுத்திட்டு, பாதை தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் காட்டும் ஒரு வரைபடத்தை இணைக்க வேண்டும். பெயரைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தாங்களே சரியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பலகை எழுதும் இடத்தில் தமிழ் பிழைபடுவது நாம் அறிந்ததுதான். தீர்மானத்திலேயே சரியான எழுத்து இருந்தால் திருத்தக் கேட்பது இலகு. கடிதத்தின் பிரதியொன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் இன்னொன்றைத் தபாலதிபரிடமும் கொடுத்து வையுங்கள்.