காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் ஓடிய ஷெவ்ரோலெட் 3100 பிக்கப்புக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பெடல் தரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும். மிதிவிசையைக் கூட்டும் பூஸ்டர் கிடையாது. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு மண்சாலையில் தீவன மூட்டை சுமந்து போகும் வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்குவார்கள். பின்தட்டின் துளை வழியே ஸ்குரூ டிரைவரை விட்டு, அட்ஜஸ்டரைப் பல் பல்லாகத் திருப்பி, லைனிங் டிரம்மில் உரசும் சத்தம் கேட்டதும் கொஞ்சம் பின்வாங்குவார்கள். காதும் கையும் போதும். ஆனால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. எங்கே கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். அந்த வண்டிகளை எவ்வளவு நேசித்தாலும் இந்த ஒரு குறையை என்னால் மன்னிக்க முடியாது. ஷெவ்ரோலெட் பிக்கப்புக்கு இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர் 1967-இல்தான் வந்தது. முன் டிஸ்க் 1971-இல்.

இன்று அதே 3100-இல் வி8 எஞ்சினை ஏற்றி, நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டுகிறார்கள். அதற்காக முன்சக்கர டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடுகிறார்கள்; ரோட்டர், காலிப்பர், பூஸ்டர் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடுகின்றன. மாட்டி முடித்ததும் புகார் தொடங்குகிறது: பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, அல்லது பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, அல்லது பத்து மைல் ஓடியதும் முன்சக்கரம் கொதிக்கிறது. உடனே காலிப்பரைக் குறை சொல்லி இன்னொன்று வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது வீண்செலவு. கோளாறு காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும்.

டிரம்முக்குள் ஷூவைச் சுழலும் டிரம்மே இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த ஒத்தாசை இல்லை. முழுக்க ஆயில் அழுத்தத்தை நம்பியிருக்கிறது. அதனால் கல் போன்ற பெடல் என்றால், காலிப்பரில் காற்றை வெளியேற்றும் நிப்பிள் இருக்கும் இடத்தில் கேஜை மாட்டி அழுத்தத்தை அளந்து பாருங்கள். பலமாக மிதித்தும் 1,000 பிஎஸ்ஐக்கு வெகு கீழே நின்றால் மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் அதிகம், அல்லது பெடலின் நெம்புகோல் விகிதம் போதாது, அல்லது பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கவில்லை. எஞ்சினை நிறுத்தி நாலைந்து முறை மிதித்துவிட்டு, பெடலை அமுக்கியபடி ஸ்டார்ட் செய்தால் அது சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரையும் அதன் குழாயையும் பாருங்கள்.

மெத்தென்ற பெடலுக்கு முதலில் நிப்பிளைத்தான் பார்க்க வேண்டும். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டால் நிப்பிள் அடிப்பக்கம் போய்விடும். காற்று மேலே தங்கும். எத்தனை பாட்டில் ஆயில் விட்டாலும் வெளியேறாது.

முதல் மிதியில் தாழ்ந்து இரண்டாம் மிதியில் பெடல் உயர்கிறதா? மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் ஆயில் திரும்பி வடிந்துவிடுகிறது. குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் 2 பிஎஸ்ஐ தேக்கு வால்வு முன்பாதையில் வேண்டும். டிரம்முக்கான 10 பிஎஸ்ஐ வால்வு அங்கே இருந்துவிட்டால் பேட் ரோட்டரை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

சூடேறி இறுகிய சக்கரத்தைச் சோதிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. வண்டியைத் தூக்கி நிப்பிளைத் திறவுங்கள். சக்கரம் விடுபடவில்லை என்றால் காலிப்பரே சிக்கியிருக்கிறது. விடுபட்டால் அழுத்தம் குழாயில் தேங்கியிருக்கிறது. மறுபடி இறுகும்வரை ஓட்டி வந்து, இம்முறை மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிணைக்கும் நட்டுகளை மட்டும் தளர்த்துங்கள். அப்போதே சக்கரம் சுழன்றால் பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியின் நீளம் அதிகம்; ஆயில் திரும்பும் துளையை அது அடைத்திருக்கிறது. ஒரு ஸ்பேனர் போதும், புதுச்சாமான் எதுவும் வாங்க வேண்டாம்.

பின்சக்கரத்தில் பலர் டிரம்மையே வைத்துக்கொள்கிறார்கள். காலியான பிக்கப்பின் பின்பக்கம் இலேசு என்பதால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு அதற்குத்தான். அந்த டிரம்மின் ஷூ தளர்ந்திருந்தாலும் பெடல் தாழும், பழி புது டிஸ்க்கின்மேல் விழும். ஆகவே காலிப்பரைக் கழற்றுமுன் பின்சக்கரத்தைத் தூக்கி அட்ஜஸ்டரைத் திருப்பிப் பாருங்கள்.