நட்சத்திரக் கூரை போட்ட வங்கி

எடின்பரோவின் சென்ட் அண்ட்ரூ சதுக்கத்துக் கிழக்கு ஓரம் தேவாலயத்துக்கென்று ஒதுக்கிய இடம். 1767இல் ஜேம்ஸ் கிரெய்க் வரைந்த நகரத் திட்டம் அப்படித்தான் சொன்னது. போர்க்காலத்தில் படைக்குச் சாமான் வழங்கிப் பணம் குவித்த சேர் லோரன்ஸ் டண்டஸ் அந்த நிலத்தை முந்திக்கொண்டு வாங்கினார். தேவாலயம் ஜோர்ஜ் தெருவுக்குப் போயிற்று. வில்லியம் சேம்பர்ஸ் வரைந்த டண்டஸின் மாளிகை 1774இல் எழுந்தது. நடுவாசலுக்கு இருபுறமும் அச்சொட்டாக ஒத்த சன்னல்கள், ஜோர்ஜியப் பாணிக்கே உரிய ஒழுங்கு. பிறகு கலால் அலுவலகம். 1825இல் ரோயல் பேங்க் ஒஃப் ஸ்கொட்லாந்து அதை வாங்கியது.

வீட்டு அறைகள் குடும்பத்துக்குப் போதும். வங்கிக்கு ஒரு பெரிய கூடம் வேண்டும். 1857இல் கட்டடக் கலைஞர் ஜோன் டிக் பெடி அதைப் பின்புறம் கட்டினார். காசு எண்ணவும் பேரேடு எழுதவும் வெளிச்சம் தேவை. ஆனால் அந்த ஊரில் டிசம்பர் நடுப்பகலில்கூடச் சூரியன் தொடுவானிலிருந்து 10 பாகைக்குச் சற்று மேல்தான் ஏறும். அப்போது இலங்கையின் தில்லையடியில் ஏறக்குறைய 58 பாகை. போதாததற்கு எடின்பரோவில் வானம் பெரும்பாலும் மூடிக்கிடக்கும்.

அந்த மூட்டத்துக்குள்தான் விடை இருந்தது. முகில் முழுதாக மூடிய வானம் எங்கும் ஒரே அளவு வெளிச்சமாகத் தோன்றினாலும், உச்சி தொடுவானைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிரகாசமானது. ஆய்வாளர்கள் பாரி மூனும் டொமினா ஸ்பென்சரும் இதற்குச் சூத்திரம் தந்தது 1942இல். கட்டடக் கலைஞர்கள் அனுபவத்தால் எப்போதோ உணர்ந்திருந்தார்கள். நம் குசினிக் கூரையில் ஒரேயொரு கண்ணாடி ஓடு வைப்பவரும் அறிந்த சங்கதிதான்.

அந்த உச்சி வெளிச்சத்துக்காகப் பெடி கூடத்தின் குவிமாடத்தைத் திறந்த விதம்தான் எனக்குப் பேரதிசயம். உட்புறம் நீலம். அதில் பொன்னிற நட்சத்திர வடிவில் கண்ணாடிச் சாளரங்கள், வரிசை வரிசையாக, மேலே போகப்போகச் சிறுத்து. சிறுப்பதால் மாடம் இன்னும் உயரமாகத் தெரிகிறது. ஒரே பெரிய துவாரம் என்றால் எழுதுபவரின் கைநிழல் தாளில் அழுத்தமாக விழும். பல திறப்புகளிலிருந்து வரும் ஒளி ஒன்றின் நிழலை இன்னொன்று நிரப்பிவிடும். மைக்கூட்டில் பேனா தொட்டெழுதிய எழுத்தருக்கு அது எத்தனை பெரிய உதவி!

ஸ்கொட்லாந்தில் இன்றும் மூன்று வணிக வங்கிகள் தாமே பணத்தாள் வெளியிடுகின்றன. அவற்றுள் இந்த வங்கி 1987இல் கொண்டுவந்த தாள்வரிசையின் பின்னணியில் கதிர்போல விரியும் நட்சத்திரக் கோலம், அந்தக் கூரையைப் பார்த்து வரைந்தது.