கதிரும் கம்பளியும்: கையால் நூல் நூற்கும் கலை



வீட்டிலே பழைய பருத்திச் சேலை ஒன்று இருந்தால் அதன் கிழிந்த ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி எடுங்கள். நைலான் சேலை இதற்கு உதவாது. அந்த இழையின் இரு முனைகளையும் விரல்களால் பிடித்து, முறுக்கு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருகுங்கள். சற்று நேரத்தில் இழை தளர்ந்து, இழுத்த மாத்திரத்தில் இரண்டாகப் பிரிந்து வந்துவிடும். கையில் எஞ்சுவது சிறிது பஞ்சுதான். அத்தனை வலிமையாக இருந்த நூல் எங்கே போயிற்று? அதன் வலிமையெல்லாம் முறுக்கில் இருந்தது. முறுக்கு போனதும் நூலும் போயிற்று.

நூல் நூற்பது என்றால் இவ்வளவுதான். சிறு சிறு மயிர்களை ஒன்றன் பின் ஒன்றாக இழுத்து நீட்டி, அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி முறுக்கேற்றுவது. தேங்காய் நாரைத் தொடையில் வைத்துக் கயிறு திரிப்பதைப் பார்த்த பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வேலையை மெல்லியதாக, இடைவிடாமல் செய்யத் துணைபுரியும் கருவிதான் கதிர். தக்களி என்றும் சொல்வார்கள். ஒரு குச்சி, அதில் கோத்த ஒரு வட்டு, அவ்வளவே அதன் உறுப்புகள். குச்சியைச் சுழற்றிவிட்டால் வட்டின் கனம் அந்தச் சுழற்சியை நெடுநேரம் காக்கிறது. சுழலும் கதிர் நூலுக்கு முறுக்கு ஏற்றுகிறது. நூற்ற நூல் அந்தக் குச்சியிலேயே சுற்றப்படுகிறது.

இந்த எளிய கருவியின் வயது நம்மைத் திகைக்க வைக்கும். மதுரைக்கு அருகே கீழடியில் நடந்த அகழாய்வில் சுட்ட மண்ணால் செய்த தக்களி வட்டுகள் கிடைத்திருக்கின்றன. இராட்டை மிகப் பிற்காலத்தது. 1350ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட பாரசீக நூல் ஒன்றிலேதான் இந்தியாவில் இராட்டை இருந்ததற்குத் தெளிவான சான்று தென்படுகிறது. அதற்கு முன்பு நம் முன்னோர் உடுத்த துணியெல்லாம் பெரும்பாலும் கதிரில் நூற்ற நூலே. பருத்தி நூற்கும் பெண்ணைப் பருத்திப் பெண்டு என்று புறநானூறு சுட்டுகிறது. அவள் இரவிலே சிறு விளக்கின் வெளிச்சத்தில் வேலை செய்கிறாள். ஆண் துணையற்ற பெண்கள் நூற்றுப் பிழைத்ததை நற்றிணையும் சொல்கிறது. நன்னூல் இயற்றிய பவணந்தியாரோ சொற்களைப் பஞ்சாகவும், புலவனின் அறிவைக் கதிராகவும் உவமை கூறுகிறார். நம் மொழியில் துணிக்கு வேண்டிய இழையும் நூல், படிக்கின்ற புத்தகமும் நூல். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது இந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு வகுப்பை ஓட்டிவிடலாம்.

சரி, நூற்கப் பழகுவோர் எதில் தொடங்குவது? பருத்தியிலா, கம்பளியிலா? கம்பளியே நல்லது என்பது நம் முடிவு. பருத்தி மயிரின் நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் கை நழுவிப் போய்விடும். செம்மறியாட்டு உரோமமோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளம் உடையது. மேலும் அது சுருள் சுருளாக இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் மேல் மீன் செதிள் போன்ற செதிள்கள் அடுக்கடுக்காகத் தெரியும். ஆகவே ஒரு மயிர் அடுத்த மயிரைத் தானே பற்றிக்கொள்கிறது. கற்போரின் தடுமாற்றத்தைக் கம்பளி பொறுத்துக்கொள்ளும், பருத்தி பொறுக்காது.

மலேசியாவில் கம்பளிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இந்த நாட்டுக்கென்றே மாலின் என்னும் செம்மறி இனம் ஒன்று உண்டு. அதன் உரோமம் முரடானது. 1980களில் மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், பால்மரங்களுக்கு அடியில் செம்மறி வளர்க்கும் முறையைப் பரப்ப முயன்றது. மாலின் ஆட்டையும் வெளிநாட்டு டார்செட் ஆட்டையும் கலந்து உண்டாக்கிய ஆடுகள் அப்போது நிரைகளுக்கிடையே மேய்ந்தன. ஆடு களையைத் தின்னும், களைக்கொல்லி மருந்துச் செலவு குறையும், இறைச்சியும் கிடைக்கும் என்பதே நோக்கம்; உரோமத்துக்காக அல்ல. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அந்த உரோமம் ஆட்டுக்கே ஒரு சுமைதான். இன்று செம்மறி வளர்ப்போர் யாரேனும் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், கத்தரித்த உரோமத்தில் ஒரு பை கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் நூற்பதற்கென்று சீவிய கம்பளிப் பட்டையை விலைக்கு வாங்கலாம். கடையில் விற்கும் பின்னல் கம்பளி ஏற்கெனவே நூற்றது, ஆகையால் அது ஆகாது. மருந்துக்கடைப் பஞ்சும் வேண்டாம். அதன் மயிர் மிகவும் குட்டை.

தோட்டத்து ஓரங்களிலும் கம்பங்களிலும் நிற்கும் இலவ மரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மலாய்க்காரர்கள் கெகாபு என்று அழைக்கும் மரம் அதுதான். காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்போது, இதை நூற்றால் என்ன என்று யாருக்கும் தோன்றும். இலவம் பஞ்சின் மயிர் உள்ளே கூடாக, வெளியே மெழுகு பூசினாற்போல் வழவழப்பாக இருக்கும். ஒன்றையொன்று பற்றாது. தலையணைக்கும் மெத்தைக்கும் அது உயர்ந்த பொருள்; தனியாக நூற்பதற்கு உதவாது. இலவு காத்த கிளியின் ஏமாற்றம் நமக்கு வேண்டாம்.

கதிரை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான குச்சி ஒன்று வேண்டும். பென்சில் பருமன் போதும். மூங்கிலைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். வட்டுக்குப் பழைய பாட்டுக் குறுந்தட்டு இரண்டை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். தட்டின் துளை குச்சியைவிடப் பெரிதாக இருக்கும். பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் குச்சியில் இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் தட்டுகளைத் திருகி ஏற்றினால் அசையாமல் நிற்கும். குச்சியின் அடியிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் வட்டு இருக்கட்டும். இப்படிச் செய்த கதிர் ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். கம்பளிக்கு அது அளவான கனம். பருத்திக்கு இது கூடாது. பருத்தித் தக்களி மிக இலேசாக இருக்க வேண்டும், கீழே ஒரு கிண்ணத்திலோ சிரட்டையிலோ ஊன்றிச் சுழல வேண்டும். வட்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கதிர் தள்ளாடி நின்றுவிடும். இதைச் சரிபார்க்கப் பொறுமை வேண்டும்.

வாங்கிய உரோமம் அழுக்காக இருந்தால் சவர்க்காரம் கரைத்த வெந்நீரில் ஊறப்போடுங்கள். கசக்கக் கூடாது. சூட்டில் கசக்கினால் அந்தச் செதிள்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு உரோமம் முழுவதும் தட்டையான பாய்போல் இறுகிவிடும். ஊறிய பிறகு அதே அளவு சூடுள்ள நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்ததை விரல்களால் பிய்த்துப் பஞ்சாக்கி, கம்பிப் பற்கள் உள்ள இரண்டு தூரிகைகளுக்கிடையே வைத்துச் சீவினால் மயிர்கள் ஒரே திசையில் படியும். அதைச் சுருட்டிப் பட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நூற்கலாம். அரை மீட்டர் கம்பளி நூல் ஒன்றைக் குச்சியில் வட்டுக்குச் சற்று மேலே கட்டுங்கள். அதை வட்டுக்குக் கீழே கொண்டுபோய், அடி நுனியில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மேலே ஏற்றிக் குச்சியின் தலைப்பில் ஒரு சுருக்குப் போடுங்கள். இப்போது கதிர் அந்த நூலில் தொங்கும். நூலின் மறுமுனையைப் பட்டையின் நுனியோடு ஒரு விரல் நீளம் சேர்த்து இடக் கையால் பிடியுங்கள். வலக் கையால் கதிரை வலப்புறமாகச் சுழற்றுங்கள். முறுக்கு ஏறி, நூலும் பஞ்சும் ஒன்றாகும்.

முதல் வாரத்தில் கதிரைச் சுழல விட்டுக்கொண்டே பஞ்சையும் இழுக்க முயல வேண்டாம். இரண்டு கைக்கும் இரண்டு வேலை என்றால் புதியவருக்கு மூன்றாவது கை வேண்டியிருக்கும். கதிரைச் சுழற்றுங்கள். முறுக்கு நன்றாக ஏறியதும் கதிரை முழங்கால்களுக்கிடையே இடுக்கி நிறுத்துங்கள். இப்போது வலக் கை, முறுக்கு முடிந்து பஞ்சு தொடங்கும் இடத்தை அழுத்திப் பிடித்திருக்கட்டும். இடக் கை பட்டையைச் சற்றுப் பின்னுக்கு இழுக்கட்டும். பஞ்சு மெலிந்து நீளும். வேண்டிய மென்மை வந்ததும் வலக் கை விரல்களைத் தளர்த்தி மேலே நகர்த்துங்கள். தேங்கி நின்ற முறுக்கு மெலிந்த பஞ்சுக்குள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். பஞ்சு நூலாவது அந்த நொடியில்தான். எத்தனை முறை பார்த்தாலும் நமக்கு அலுக்காத காட்சி அது.

இதிலே இரண்டு நுட்பங்கள் உண்டு. இரண்டு கைகளுக்கும் இடையே உள்ள தூரம் மயிரின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் ஒரே மயிரை இரண்டு கையும் பிடித்து இழுப்பதாக ஆகும்; எவ்வளவு பலம் கொடுத்தாலும் பஞ்சு நகராது. மற்றொன்று, முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தை நாடி ஓடும். தடித்த இடத்தில் முறுக்கு ஏறாமல் அது பொதபொதவென்று நிற்கும். மெல்லிய இடத்தில் அளவுக்கு மீறி ஏறி இறுகும். ஆகவே சீரான நூல் வேண்டுமானால் இழுக்கும்போதே சீராக இழுக்க வேண்டும். பிறகு முறுக்கித் திருத்திக்கொள்ளலாம் என்பது நடவாது. கதிர் சுற்றி முடிந்து எதிர்ப்புறமாகத் திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள். திரும்பினால் முறுக்கு அவிழ்ந்து, கதிர் தரையில் விழும். விழட்டும். அறுந்த முனைகளைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து மறுபடி முறுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

பால்வெட்டும் தாய்மார்களுக்கு இது நம் ஆசிரியர்களைவிட விரைவில் வரும் என்று நம்புகிறோம். வெட்டுக்கத்தி மரத்தின் பட்டையை அரிகிறபோது, உள்ளே உயிர்ப்படலத்துக்கும் கத்திக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவே பட்டை மிஞ்ச வேண்டும். ஆழ்ந்தால் மரம் காயப்படும், மேலோடினால் பால் வராது. விடியற்காலை இருட்டில் நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவைக் கை தானே காக்கிறது. அப்படிப்பட்ட கையை, படிக்காதவர் கை என்று பிள்ளைகள் எண்ணும்படி நாம் வளர்த்திருக்கிறோம். பெற்றோர் தொழில் என்னும் கட்டத்தைப் பள்ளிப் படிவத்தில் நிரப்பும்போது தயங்கும் பிள்ளைகள் உண்டு. அம்மா ஒரு நாளில் கற்றதைத் தான் ஒரு வாரத்தில் கற்கிற பிள்ளைக்கு அந்தத் தயக்கம் சிறிதாவது குறையக்கூடும்.

கணக்குப் பாடத்துக்கும் கதிர் உதவும். ஐந்தரை மீட்டர் நீளமும் 115 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சேலையில் சென்டிமீட்டருக்கு 20 பாவிழை, 20 ஊடிழை என்று கொள்வோம். பாவு மட்டும் 2,300 இழை. அதை ஐந்தரையால் பெருக்கினால் 12,650 மீட்டர். ஊடும் அதே அளவு. ஆக மொத்தம் 25 கிலோமீட்டருக்கு மேல்! பிரிக்பீல்ட்சில் ஒரு முனையைக் கட்டி நேராக இழுத்துக்கொண்டு போனால் கிள்ளானை எட்டச் சிறிதே குறையும். மணிக்கு 100 மீட்டர் நூற்றால் 250 மணி நேரம். அதற்குப் பிறகுதானே நெசவு! கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் அடுக்கடுக்காகச் சேலைகள் தொங்கும் கடைகளைப் பார்க்கும்போது, ஆலை என்ற ஒன்று இல்லாதிருந்தால் அவற்றில் எத்தனை அங்கே இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆலை செய்த நன்மை அது. அது செய்த கேடும் நம் கதையில் உண்டு. இங்கிலாந்தில் கிராம்ப்டன் 1779இல் நூற்பு இயந்திரம் ஒன்றை அமைத்தார். 19ஆம் நூற்றாண்டில் ஆலைநூல் இந்தியச் சந்தைகளில் வந்து குவிந்தது. நெசவாளருக்காவது மலிவு நூல் கிடைத்தது. நூற்ற பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விதவையரும் முதியோரும் வீட்டிலிருந்தபடி பெற்ற சில காசுகள் நின்றுபோயின. அதன் மேல் 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். கப்பலேறி மலாயா வந்தவர்களில் நிலமற்ற உழவுக்கூலிகளே மிகுதி. நூற்பவர்கள் எல்லோரும் வந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் கைத்தொழில் ஒன்று வீட்டில் இல்லாமற்போனது, ஊரை விட்டுக் கிளம்பியவர்களின் வறுமைக்கு ஒரு காரணம். 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நம் பாட்டன்மார் இறங்கினார்கள். 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் பெற்றிருப்பது அதுவே.

காந்தியடிகள் கதரை முன்னிறுத்தியது இந்த இழப்பைக் கருதித்தான். 1925இல் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். வறண்ட அந்த வட்டாரத்துப் பெண்களுக்கு நூற்பு மறுபடி கூலி தந்தது. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டையொட்டி, ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. கைத்தொழில் வழியாகவே கணக்கும் பூகோளமும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் உள்ளக்கிடக்கை. தமிழ்நாட்டு ஆதாரப் பள்ளிகளில் படித்த முதியோருக்குத் தக்களி நினைவிருக்கும். பிள்ளைகள் செய்த பொருளை விற்றே பள்ளிச் செலவைச் சமாளிக்கலாம் என்ற எண்ணத்தை அன்றே பலர் மறுத்தார்கள். மறுத்தது சரியென்றே நாமும் கருதுகிறோம். இத்தனை முழம் நூற்றாக வேண்டும் என்று அளந்து வாங்கத் தொடங்கினால் பள்ளி சிறிய ஆலையாகிவிடும்.

ஆகவே நூற்றால் வெள்ளி சேரும் என்று உங்களிடம் சொல்ல மாட்டோம். சேராது. கிளந்தான் சொங்கெட் நெசவாளரே நூலை விலைக்குத்தான் வாங்குகிறார்கள். சரவாக்கில் இபான் பெண்கள் முன்பு தாங்களே பருத்தி விளைத்து நூற்றுப் புவா கும்பு நெய்தார்கள். அங்கும் கடைநூல் வந்துவிட்டது. ஓர் அரைமணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாத பிள்ளை கதிரோடு உட்காருகிறது என்பதே நாம் இதைப் பரிந்துரைக்கக் காரணம்.

கதிர் நிறைந்ததும் நூலைப் பந்தாகச் சுற்றுங்கள். இரண்டு பந்துகள் சேர்ந்தபின், இரு நூல்களையும் ஒன்றாகக் கதிரில் கட்டி, இம்முறை இடப்புறமாகச் சுழற்றுங்கள். எதிர் முறுக்கு ஏறும்போது இரண்டும் ஒன்றையொன்று தழுவி, சுருண்டுகொள்ளாத இரட்டைப்புரி நூலாகும். அதை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் சுற்றிச் சிட்டமாக்கி, நாலிடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் நனைத்துப் பிழிந்து, கொடியில் தொங்கவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் முழுவதும் காய இரண்டு நாள் பிடிக்கும்.