மாவலியின் மூவடிக் கொடை: ஒரு வழக்காராய்ச்சி

கொடைக்குப் பெயர்பெற்ற புராண மாந்தரை நீதிமன்றத்தில் நிறுத்திப் பார்த்தல் மேனாட்டார்க்கு உவப்பானதொரு கற்பனை. 1947ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்றில், தம்மை நத்தார்த் தாத்தா என்று கூறிக்கொண்ட முதியவர் நியூயோர்க்கு நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றார். நம் மரபிலும் அத்தகைய கொடையாளன் ஒருவன் உளன். ஆண்டுதோறும் திருவோணத்தன்று தன் குடிகளைக் காண வருவதாக மலைநாட்டார் போற்றும் மாவலியே அவன். அவன் வாமனர்க்கு ஈந்த மூவடி மண், சட்டத்தின் முன் செல்லுமா? விளையாட்டாகத் தோன்றும் இவ்வினா, ஈகைக்கு எல்லை உண்டா என்னும் பெரியதொரு வினாவை உள்ளடக்கியது.

கதை யாவரும் அறிந்ததே. பாகவதம் எட்டாம் கந்தம் அதனை விரித்துரைக்கின்றது. கம்பர் தம் பாலகாண்டத்து வேள்விப் படலத்திலே விசுவாமித்திர முனிவர் வாயிலாக அதனைச் சுருங்கக் கூறுகின்றார். வழக்கிற்குரிய செய்திகள் நான்கு: கொடையின் வடிவம், கொடைப் பொருள், கொடுப்போன் உரிமை, கொடைக்குப் பின் விளைந்தவை.

முதலாவது வடிவம். பண்டைக் காலத்தில் நீர் வார்த்துக் கொடுத்தலே கொடையை நிறைவுறச் செய்யும் செயலாகும். சுக்கிராசாரியார் வண்டாகிக் கெண்டியின் வாயை அடைத்தார் என்றும், தருப்பையாற் குத்துண்டு ஒரு கண் இழந்தார் என்றும் வழங்கும் கதையின் உட்பொருள் இதுவே. நீர் விழாதவரை கொடை முற்றுப்பெறாது என்பதை அவ்வாசிரியர் நன்கறிந்திருந்தார். இலங்கையிலோ, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியைக் கைமாற்றும் உறுதி எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் கையொப்பமிடப்பெறல் வேண்டும். மாவலியின் வேள்விச்சாலையில் முனிவர் பலர் இருந்தனர். நொத்தாரிசு ஒருவரேனும் இலர். ஏற்பவரோ பூணூல் தரித்த சிறுவர். பராயமடையாதவர் பொருட்டுக் கொடையை ஏற்க அவருடைய பாதுகாவலர் முன்வருதல் வேண்டும். தந்தையாராகிய காசிபரும் அங்கு வந்திலர்.

இரண்டாவது பொருள். நம் நாட்டு உறுதிகளில் காணியின் பெயர், பரப்பு, நாற்றிசை எல்லைகள் ஆகியன தவறாது குறிக்கப்பெறும். மாவலி சொன்னதோ மூவடி என்னும் அளவு மட்டுமே. எவருடைய அடி, எப்பொழுது உள்ள அடி என்பன வரையறுக்கப்படவில்லை. குறளுருவின் அடியே பேசப்பட்டது. நெடுமாலின் அடியே அளந்தது. இது வஞ்சனையன்றோ எனின், மாவலி சார்பில் வழக்குரைப்போர் இதனையே தலைமை வாதமாகக் கொள்வர். எனினும் இவ்வாதம் நில்லாது. வந்தவர் திருமாலே என்று சுக்கிராசாரியார் முன்னரே எச்சரித்தார். அதனைக் கேட்ட பின்னரும், கொடுத்த சொல்லினின்று பெயர்தல் இழுக்கென மறுத்து மாவலி கொடுத்தான். வஞ்சனை ஈதென அறிந்து கொடுத்தவன் பின்னர் வஞ்சிக்கப்பட்டேன் என முறையிடல் ஆகாது.

மூன்றாவதாகிய உரிமையே யாழ்ப்பாணத்தார்க்கு நெருக்கமானது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்சு என்பவர் 1706–07ஆம் ஆண்டுகளில் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். அத்தொகுப்பைத் தமிழ் முதலிமார் பன்னிருவர் ஆராய்ந்து ஒப்பினர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கில அரசு அதற்குச் சட்டவலுவளித்தது. இத்தேசவழமையில் நன்கொடைக்கெனத் தனிப்பகுதி உண்டு. கணவன் தன் முதுசத்தில் பத்திலொரு பங்கை மட்டுமே மனைவி மக்களின் இசைவின்றிப் பிறர்க்குக் கொடுக்கலாம் என அது வரையறுத்தது. பெண்மக்கள் பிறப்பின் அவர்க்குச் சீதனம் வேண்டும் என்பதே அங்குக் கூறப்பட்ட காரணம். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் 1947ஆம் ஆண்டின் திருத்தமும் இந்நிலையைப் பெரிதும் மாற்றின. ஆயினும் பழைய விதியின் நோக்கம் எண்ணத்தக்கது.

இனி மாவலியை யாழ்ப்பாணத்துக் குடிமகனாகக் கொள்க. பிரகலாதன், விரோசனன் வழிவந்த அசுரநாடு அவனுக்கு முதுசம். வேள்வி வலியாலும் தோள் வலியாலும் மணவாழ்வின்போது ஈட்டியன தேடியதேட்டம். அதில் மனைவி விந்தியாவலிக்கும் பங்குண்டு. துறக்கமோ இந்திரனிடமிருந்து கவர்ந்தது. தன்னதல்லாததை ஒருவன் கொடுத்தல் எச்சட்டத்திற்கும் ஒவ்வாது. ஆகவே, பத்திலொன்று கொடுக்கத்தக்கவன் பத்தையும் கொடுத்தான். பிறர் பொருளையும் உடன் சேர்த்தான். விந்தியாவலி தடை கூறாது வாமனர் அடி விளக்கப் பொற்குடத்தில் நீர் கொணர்ந்தாள் என்பது பாகவதச் செய்தி. அதனை இசைவெனக் கொள்ளலாம். மகன் வாணனின் இசைவோ கேட்கப்படவில்லை.

நான்காவது, பின்விளைவு. ஈரடியில் உலகெலாம் அளந்தபின், மூன்றாம் அடிக்கு இடமின்மையால் மாவலி வருணபாசத்தாற் கட்டுண்டான். ஈந்தவனையே ஏற்றவர் கட்டுதல் நன்றிகேடன்றோ? உரோமன் ஒல்லாந்தச் சட்டம் பெருநன்றிகேட்டின் பொருட்டுக் கொடையை நீக்க இடமளிக்கின்றது. மீளாக்கொடை எனச் செய்த உறுதியை அக்காரணத்தால் நீக்க வேண்டுவோர் நீதிமன்றத்தை நாடுதல் வேண்டும் என 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. மாவலி அவ்வழி செல்லவில்லை. தன் தலையையே மூன்றாம் அடிக்கு இடமாகத் தந்தான். திருமாலும் அவனுக்குச் சுதலத்தை அளித்து அவன் வாயிலிற் காவல் நின்றார். ஆகவே நன்றிகேட்டு வழக்கும் எழாது.

மொத்தத்தில், வடிவத்தாலும் பொருளாலும் உரிமையாலும் இக்கொடை சட்டத்தின் முன் தோற்கும். எனினும் கொடுத்தவன் உயர்ந்தான் என்றே புராணம் கூறும். இவ்விரண்டும் முரணல்ல. ஆராயாது வரையிறந்து கொடுத்தலைப் பழந்தமிழர் கொடைமடம் எனப் பெயரிட்டுப் புகழ்ந்தனர். மடம் என்னும் அச்சொல்லிலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஈவோனும் ஏற்போனும் எதிரெதிர் நிற்கும் வேளையில் அவையில் இல்லாதார் சிலர் உளர்: மணமாகாத மகள், பிறவாத பேரன், முதுமையிற் புகலின்றி நிற்கப்போகும் மனைவி. அறநூல் ஈவோன் நெஞ்சை நோக்கும். சட்டம் இவர்கள் முகத்தை நோக்கும். இக்காலத்தும் தம் வீடுவளவு முழுவதையும் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்கும் பெற்றோர் சீவியவுருத்தைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளுதல் அன்பின் குறைவன்று. தலையை நீட்டும் பெருமை மாவலிக்கே உரியது. அவன் வாயிலைக் காத்தற்குத் திருமால் நின்றார். ஏனையோர் வாயிலைக் காத்தற்கு உறுதியின் ஒரு வரியே துணை.